கரண்ட் போனால் கேட் என்ன ஆகும்?
தோட்டத்து வீட்டுக்கு ரிமோட் பூட்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

“பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். தோட்டத்து வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். வீட்டிலிருந்து கேட்டுக்கு 200 அடி. இருட்டின பிறகு யாராவது வந்து கூப்பிட்டால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நான்தான் நடக்க வேண்டும். அவருக்கு முட்டி வலி. வழியில் பாம்பு பயம் வேறு. ரிமோட்டில் திறக்கிற பூட்டு போடலாம் என்கிறான் மகன். எலெக்ட்ரீஷியன் ஒன்று சொல்கிறார், கடைக்காரர் வேறு சொல்கிறார். எதை வாங்குவது?”

கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்வி இது. இதே விஷயத்தைப் பல்லடம், ஒட்டன்சத்திரம், தாராபுரம் பகுதிகளிலிருந்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நிலைமை ஒன்றுதான். இட்டேரிக்குள் தனியாக ஒரு வீடு, வயதான இருவர், கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாததால், தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம்.

கடைக்குப் போனால் முதலில் ரிமோட்டைத்தான் காட்டுவார்கள். எத்தனை பட்டன், எத்தனை மீட்டர் தூரம் எடுக்கும், செல்போனில் இணையுமா என்று பேச்சு போகும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. “கரண்ட் போனால் இந்தப் பூட்டு திறந்துகொள்ளுமா, பூட்டியே இருக்குமா?” இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதிச் சரக்கு கழிந்துவிடும்.

ஈ.எம். லாக் ஏன் வேண்டாம்?

அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கண்ணாடிக் கதவின் மேல் நீளமாக ஒரு கட்டை மாதிரி இருக்கிறதே, அதுதான் மேக்னடிக் லாக். ஈ.எம். லாக் என்றும் சொல்வார்கள். நிலையில் மின்காந்தம், கதவில் இரும்புத் தகடு. மின்சாரம் ஓடும்வரை காந்தம் தகட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும் வகையும், அதன் இரு மடங்கு தாங்கும் வகையும் பரவலாகக் கிடைக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மின்சாரம் நின்ற நொடியில் பிடி விட்டுவிடும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் சிக்கிக்கொள்ளாமல் வெளியேற வேண்டும் என்பதற்காக அப்படித்தான் செய்கிறார்கள். அலுவலகத்துக்கு அது சரி. மழை பெய்து, லைன் போய், ஊரே இருட்டாகக் கிடக்கும் இரவில் தோட்டத்துக் கேட் தானாகத் திறந்து கிடந்தால் அந்தப் பூட்டு எதற்கு?

“பேட்டரி போட்டுவிடலாம்” என்பார் எலெக்ட்ரீஷியன். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகைப் பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். அதுவும் 24 மணி நேரமும். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. இதற்கென்று கடையில் கொடுக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டுக் கணக்கில் 14 மணி நேரம் வரும். பேட்டரி பழசானால் அதில் பாதிகூடக் கிடைக்காது. புயல் மழைக்கு லைன் அறுந்தால் ஒரு நாளில் சரியாகும் என்று எந்தத் தோட்டத்துக்காரரும் நம்பமாட்டார். தவிர, காந்தமும் தகடும் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் ஒட்ட வேண்டும். புழுதி படிந்தாலோ, துருப் பிடித்தாலோ, கேட் லேசாகச் சரிந்தாலோ பிடிமானம் பெருமளவு குறைந்துவிடும். மாட்டுவதற்குச் சுலபம், வெட்டுவேலை இல்லை என்பதால் சில எலெக்ட்ரீஷியன்கள் இதையே சிபாரிசு செய்கிறார்கள். அவருடைய வசதி நமக்குத் தேவையில்லை.

எலெக்ட்ரிக் ரிம் லாக்

நம் வாசகிக்கு ஏற்றது எலெக்ட்ரிக் ரிம் லாக் எனப்படும் வகை. பார்க்கச் சாதாரணப் பெட்டிப் பூட்டு போலவே இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கின் இழுவையில் நிற்கும் நாக்கு, அதை விடுவிக்க ஒரு சிறு காயில். கேட்டை அடைத்தாலே பூட்டிக்கொள்ளும். ரிமோட்டை அழுத்தினால் ஒரு நொடி காயிலுக்கு மின்சாரம் போய், நாக்கு விலகும். கரண்ட் இல்லாவிட்டால் பூட்டியபடியே இருக்கும். வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கலாம். மின்சாரம், பேட்டரி, ரிமோட் எல்லாம் கைவிட்டாலும் சாவி என்று ஒன்று இருக்கிறது. இதுதான் இதன் பெரிய பலம்.

மோட்டார் வைத்து நாக்கை உள்ளே வெளியே தள்ளும் பூட்டுகளும் உண்டு. விலை கூடுதல், புழுதிக்கு நோகும். நிலைச்சட்டத்தில் பதிக்கும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக், வீட்டுக்குள் இருக்கும் கதவுக்குப் பொருத்தம். மழையிலும் வெயிலிலும் நிற்கும் இரும்புக் கேட்டுக்கு ரிம் லாக்தான் என்பது நம் கருத்து.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பூட்டின் மேலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று, ஏ.சி.யா டி.சி.யா என்பது. பேட்டரியில் ஓட வேண்டும் என்றால் 12 வோல்ட் டி.சி. என்று இருக்க வேண்டும். இரண்டு, கேட் உள்பக்கமாகத் திறக்கிறதா, வெளிப்பக்கமா. கீல் இடதா, வலதா என்பது. இந்தப் பூட்டில் இடக்கை, வலக்கை என்று தனித்தனியாக உண்டு. கேட்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் குழப்பம் வராது. மூன்றாவதுதான் முக்கியம். பல ரிம் லாக்குகளில் உள்பக்கம் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் திறக்கும். நம் ஊர்க் கேட்களோ கம்பி கம்பியாகத்தான் இருக்கின்றன. வெளியில் நிற்பவன் கம்பிக்குள் கையை விட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் ரிமோட்டே தேவையில்லை! இரண்டு பக்கமும் சாவித்துளை உள்ளதாகவோ, பட்டனைச் சாவியால் முடக்கக்கூடியதாகவோ கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் பூட்டைச் சுற்றி ஒரு முழத்துக்குக் குறையாமல் தகடு அடித்துவிட வேண்டும். வெல்டிங் பட்டறையில் அரை மணி நேர வேலை.

இந்தப் பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை ரிமோட்டை அழுத்திவிட்டால், கேட்டைத் திறந்து மறுபடி அடைக்கும்வரை பெரும்பாலான மாடல்கள் பூட்டாமலேயே நிற்கும். ராத்திரி தூக்கத்தில் ரிமோட் அழுந்தினால் விடியும்வரை கேட் திறந்த மாதிரிதான். அதனால் ரிமோட்டைத் தலையணை அடியிலோ வேட்டி மடியிலோ வைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். பட்டனை மூடும் தள்ளுமூடி உள்ள ரிமோட் கிடைத்தால் இன்னும் நல்லது. பூட்டு விடுபட்டதும் கேட்டை ஒரு சாண் தள்ளிவிடுகிற மாதிரி ஸ்பிரிங் வைத்தால், திறந்திருப்பது வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

எந்தக் கேட்டில் மாட்டுவது?

டிராக்டர் போகிற 12 அடி கேட்டில் இந்தப் பூட்டை மாட்டாதீர்கள். பெரிய கேட் எப்போதும் தன் கனத்தாலேயே சரியும். கீல் தேய்ந்து நாலு மில்லிமீட்டர் இறங்கினால்கூடப் பூட்டின் நாக்கு நாதாங்கிக்குள் போகாது. “நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று பூட்ட மாட்டேன் என்கிறது” என்று வரும் புகார்களில் பெரும்பாலும் கோளாறு கேட்டில் இருக்கும், பூட்டில் இருக்காது.

பெரிய கேட்டுக்குள்ளேயே திட்டிவாசல் வைத்திருப்பவர்கள் அதில் மாட்டலாம் என்று நினைப்பார்கள். ஆனால், அதற்குப் போகும் கம்பி இரண்டு கீல்களைத் தாண்ட வேண்டும். திறந்து அடைக்கத் திறந்து அடைக்க, கம்பி மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்துபோகும். எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரிய கேட்டின் தூணுக்குப் பக்கத்தில் மூன்றடி அகலத்தில் தனியாக ஒரு சின்னக் கேட் வைப்பதே மேல். ஆள் நடக்கவும் டூ வீலர் நுழையவும் அது போதும். கம்பி ஒரே ஒரு கீலைத்தான் தாண்டும். அந்த இடத்தில் வளையும் குழாய்க்குள் கம்பியைக் கொஞ்சம் தளர்வாக விட்டுவிட்டால் பல வருடம் தாங்கும். பெரிய கேட்டுக்குக் கனமான சங்கிலியும், நல்ல திண்டுக்கல் பூட்டும் போதும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம் பக்கத்து ஊரிலேயே இருக்கும்போது, அந்த வேலைக்கு மின்சாரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

200 அடி தூரத்தில் காணாமல் போகும் வோல்ட்டேஜ்

தோட்டத்து வீடுகளில் இந்தப் பூட்டு சரியாக வேலை செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் கம்பி. மோட்டாருக்குக் கேபிள் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். 12 வோல்ட் அடாப்டரை வீட்டில் வைத்து, 200 அடிக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால், போக வர 400 அடி. அதன் மின்தடை மட்டும் சுமார் 2 ஓம். பூட்டு 2 ஆம்பியர் இழுக்கும் வகையாக இருந்தால், கேட்டில் கிடைப்பது சுமார் 9 வோல்ட்தான். ‘டிக்’ என்று சத்தம் கேட்கும், நாக்கு விலகாது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் பத்தரை வோல்ட் வரும்; ஓரளவு தேவலை, ஆனால் செலவு கூடும்.

இதற்கு நல்ல வழி, பேட்டரியையும் ரிசீவரையும் கேட்டுக்குப் பக்கத்திலேயே, தூணின் உள்பக்கம் ஒரு பெட்டியில் வைப்பது. வீட்டிலிருந்து வரும் கம்பி பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்தால் போதும். அதற்குக் கொஞ்சம் மின்னோட்டமே தேவை என்பதால் 1 சதுர மில்லிமீட்டர் கம்பியே தாராளம். பூட்டு திறக்கும் அந்த ஒரு நொடிக்கு வேண்டிய வேகத்தைப் பேட்டரி பக்கத்திலிருந்தே கொடுத்துவிடும். கம்பியைக் குழாய்க்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். எலி கடிக்காது, மண்வெட்டி படாது.

கம்பியே வேண்டாம் என்றால் சோலார் போதும். ஒரு நாளைக்கு 20 தடவை திறந்தாலும் பூட்டு மின்சாரம் எடுப்பது மொத்தம் 20 நொடிதான். உண்மையில் பூட்டைவிட, ரிமோட்டின் சிக்னலுக்காக நாள் முழுக்கக் காத்திருக்கும் ரிசீவர்தான் அதிகம் சாப்பிடும். அதுவும் 15 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிகூட ஆகாது. 10 வாட் பேனல் நல்ல வெயிலில் 2 ஆம்பியர்-மணி கொடுத்துவிடும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி நாலைந்து நாள் மூடிய வானத்தையும் தாங்கும். ஈ.எம். லாக்கை இந்தப் பேனலில் ஓட்டவே முடியாது என்பதையும் கவனியுங்கள். பேனலைத் தென்னை நிழல் விழாத இடத்தில், தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பேட்டரிப் பெட்டி மட்டும் நிழலில் இருக்கட்டும். சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

ரிமோட்

சந்தையில் இருப்பவை பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இவற்றில் இரண்டு ரகம். ஒன்று, எப்போது அழுத்தினாலும் ஒரே குறியீட்டை அனுப்பும் ஃபிக்சட் கோடு. மற்றொன்று, ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றி அனுப்பும் ரோலிங் கோடு. முதல் ரகத்தைக் காப்பி ரிமோட்டில் ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். சாவிக்கு மாற்றுச் சாவி அடிப்பதைவிடச் சுலபம். பைக்கைச் சர்வீஸுக்கு விடும்போது சாவிக்கொத்தோடு ரிமோட்டையும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கடையில் “ரோலிங் கோடு வேண்டும்” என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால், அங்கேயே ஒரு காப்பி ரிமோட்டில் நகல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் வேலை செய்தால் அந்த ரிமோட்டை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

100 மீட்டர் எடுக்கும் என்று அட்டையில் போட்டிருப்பது வெட்டவெளியில். நடுவில் இரண்டு சுவர், மாட்டுக் கொட்டகைத் தகரம் எல்லாம் வந்தால் பாதிகூட வராது. ரிசீவரில் வாலாகத் தொங்கும் 17 சென்டிமீட்டர் கம்பிதான் அதன் ஆன்டெனா. அழகாக இருக்கட்டும் என்று அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்துவிடுவார்கள். அது நேராக நிற்க வேண்டும். பெட்டியும் இரும்பாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கம்பி நுழையும் துளைகளை சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். எறும்புக்கு ரிலேவின் கதகதப்பு ரொம்பப் பிடிக்கும்.

எலெக்ட்ரீஷியனிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: ரிசீவர், அழுத்தினால் ஒரு நொடி மட்டும் வேலை செய்யும் முறையில் இருக்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஆன், மறுமுறை அழுத்தினால் ஆஃப் என்ற முறையில் விட்டுவிட்டால், காயிலில் தொடர்ந்து மின்சாரம் ஓடிக் கருகிவிடும். புதுப் பூட்டு ஒரே நாளில் பாழாகும்.

முகம் பார்த்த பிறகே பட்டன்

ரிமோட் வந்தால் 200 அடி நடை மிச்சம். ஆனால் நடந்து போகும்போது செய்த ஒரு வேலையும் அதோடு போய்விடுகிறது. வந்தவர் யார் என்று அருகில் பார்ப்பதுதான் அது. “யாரு?” என்று திண்ணையிலிருந்து குரல் கொடுத்து, “நான்தாங்க” என்ற பதிலுக்கு பட்டனை அழுத்துவதாக இருந்தால் பழைய சங்கிலியே பாதுகாப்பு. எனவே ரிமோட் பூட்டுக்கு ஒதுக்கும் பணத்தில், கேட்டில் ஒரு விளக்கும் வீடியோ டோர் போனும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வெளியில் நிற்பவர் பெல்லை அழுத்தினால், வீட்டுக்குள் சுவரில் இருக்கும் திரையில் முகம் தெரியும், பேசலாம். செல்போனைத் தேட வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். வயதானவர்களுக்கு அதுவே தோது. பல மாடல்களில் பூட்டைத் திறக்கும் பட்டனும் அந்தத் திரையிலேயே உண்டு. தூரம் 200 அடி என்று முன்பே சொல்லி, அதற்கேற்ற கேபிள் கேளுங்கள். மெல்லிய கம்பியில் படம் மங்கும்.

பகலில்கூட அறிமுகமில்லாதவரைக் கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதில் தப்பில்லை. தேங்காய் வியாபாரியோ, பழைய இரும்பு கேட்டு வருபவரோ, எல்லோரும் வாசல்வரை வந்துதான் பேச வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் கிளுவை வேலி, அதிலும் ஆடு நுழையும் சந்து என்று இருக்கிற தோட்டத்தில், கேட் பூட்டு திருடனைத் தடுக்காது. அந்த நிலையில் முதல் செலவு வீட்டுத் திண்ணையின் கிரில் கதவுக்கும் பின்கதவுத் தாழ்ப்பாளுக்கும்தான் போக வேண்டும். கிரில்லுக்கு ரிமோட் வேண்டாம், கையால் போடும் கொண்டியே போதும்.

சாவி யாரிடம்?

ராத்திரி இரண்டு மணிக்கு ஐயாவுக்கு நெஞ்சு வலி, 108-க்குப் போன் செய்தாயிற்று, ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வந்து நிற்கிறது. அம்மா அவரை விட்டு நகர முடியாது. அந்த நேரத்துக்குத்தான் ரிமோட் உண்மையில் உதவுகிறது. ஆனால் ஸ்ட்ரெச்சர் மூன்றடிக் கேட்டில் நுழைந்தாலும், ஆம்புலன்ஸ் நுழையாது. பெரிய கேட்டின் சங்கிலிச் சாவியும் சின்னக் கேட் சாவியும் ஒரே வளையத்தில் பக்கத்துத் தோட்டத்தில் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை அவரைக் கூப்பிட்டு, இருட்டில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரிமோட் தொலைந்துபோனால் புதிதாக ஒன்று வாங்கிச் சேர்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். ரிசீவரில் இருக்கும் பழைய பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டு, கையில் இருக்கும் ரிமோட்டுகளை மறுபடி பதிய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பூட்டு மாட்டுகிற அன்றே எலெக்ட்ரீஷியனைச் செய்து காட்டச் சொல்லி, மகனோ மகளோ செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.

வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

“கிணற்று மோட்டார் சர்வீஸிலிருந்து கேட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா?”

கூடாது. இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்கு மட்டும். கேட் பூட்டு எவ்வளவு குறைவாக இழுத்தாலும், அது வீட்டு உபயோகம், பிடித்தால் அபராதம். வீட்டு சர்வீஸிலிருந்து எடுங்கள், அல்லது சோலார் போடுங்கள். அடாப்டர் வாங்கும்போது 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்ட எஸ்.எம்.பி.எஸ். வகையாகப் பாருங்கள். சாயங்காலம் லைனில் 160 வோல்ட் வந்தாலும் அது சமாளித்துவிடும்.

“மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறோம். அதுபோல் கேட்டையும் போனில் திறக்க முடியுமா?”

முடியும். சிம் கார்டு போட்ட கருவிகள் இருக்கின்றன. பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் திறக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் திறந்துவிடலாம் என்பது இதன் வசதி. 2ஜி-யில் மட்டும் ஓடும் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் தீர்ந்தாலும் கேட் திறக்காது. அதனால் ரிமோட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டுமே நம்ப வேண்டாம்.

“மாடு கேட்டில் உரசுகிறது. பூட்டு தாங்குமா?”

நாக்கு தாங்கும், கீல்தான் முதலில் போகும். கேட் அடைந்ததும் இடித்து நிற்கிற மாதிரி தரையில் ஒரு இரும்புக் கட்டை பதித்தால், மாடு தள்ளும் வேகம் பூட்டில் இறங்காது. உள்பக்க பட்டனை மாடு மூக்கால் முட்டித் திறப்பதும் நடக்கக்கூடியதே. அதற்கும் சாவியால் முடக்குகிற வகைதான் தீர்வு.

“மழைக்காலத்தில் பூட்டு இறுகிவிடுகிறது. கிரீஸ் வைக்கலாமா?”

கீலுக்கு கிரீஸ் வையுங்கள். சாவித்துளைக்குள் வேண்டாம், புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் இறுகும். கிராஃபைட் தூளை வாங்கி, சாவியில் தடவி நாலைந்து முறை உள்ளே விட்டுத் திருப்புங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சீவிய தூள் போதும்.